ஒன்பது நாடுகளில் நான்கைக் குறையுங்கள்

கேள்வி: மியூனிக்கில் முதுகலை படிக்கிறேன். ஏப்ரல் முதல் வாரத்தில்தான் ஜெர்மனி வந்தேன். ஒன்றரை வருடமாக இங்கே இருக்கும் கல்லூரிச் சீனியர்கள் மூன்று பேரும் நானும் செப்டம்பர் இரண்டாம் பாதியில் 12 நாள் கார் பயணம் கிளம்புகிறோம். ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, மான்டினீக்ரோ, அல்பேனியா, வட மாசிடோனியா, செர்பியா, ஹங்கேரி என்று ஒரு சுற்று. தலைக்கு 600 யூரோதான் முடியும். ஒரு சீனியரிடம் ஜெர்மன் லைசென்ஸ் இருக்கிறது, வாங்கி 14 மாதம் ஆகிறது. அவர் பெயரில் கார் எடுத்துவிட்டு, இந்திய லைசென்ஸ் வைத்திருக்கும் நாங்கள் மூவரும் மாறி மாறி ஓட்டலாம் என்று இருக்கிறோம். போஸ்னியா, அல்பேனியா என்று சொன்னால் வாடகை கூடுமாம், அதனால் சொல்லப்போவதில்லை. பாதி நாள் காரிலேயே தூங்கிக்கொள்வோம். 600 போதுமா? வழியில் காருக்கு ஏதாவது ஆனால் செலவை யார் ஏற்பது? இப்போதே இதில் எங்களுக்குள் லேசாக முட்டிக்கொண்டிருக்கிறது. (வாசகர், மியூனிக்)

பதில்:

தம்பி, பயணத்தைக் கைவிடச் சொல்லி எழுதவில்லை. படிக்கும் வயதில் நண்பர்களோடு ஏட்ரியாட்டிக் கடலோரமாகக் கார் ஓட்டிப் போவது வாழ்நாள் முழுக்கப் பேச்சில் வரும் விஷயம், கட்டாயம் போங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் மிச்சம் பிடிக்க நினைக்கும் இடங்கள் எல்லாமே தப்பான இடங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கை வைக்கிறீர்கள். கை வைக்க வேண்டியது கிலோமீட்டரில். வாடகைக் காரில் நாடு தாண்டிப் போகிறவர்களுக்குத் திட்டம் போட்டுத் தருவதுதான் என் தொழில். அதில் பார்த்த வரைக்கும், சின்ன பட்ஜெட் குழுக்கள் கையைச் சுட்டுக்கொள்வது பெட்ரோலிலோ சாப்பாட்டிலோ இல்லை. ஒப்பந்தத்தில் சொல்லாமல் விட்ட ஒரு வரியில்தான்.

முதலில் லைசென்ஸ். இந்திய லைசென்ஸ் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். ஒரு வருடத்துக்கு மேல் தங்கப்போவதில்லை என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் நீட்டிப்பு உண்டு, முதுகலை மாணவருக்கு அது பொருந்தாது. சில நாட்டு லைசென்ஸைத் தேர்வு இல்லாமலே மாற்றிக் கொடுப்பார்கள், அந்தப் பட்டியலில் இந்தியா கிடையாது. எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதித்தான் ஆக வேண்டும். ஒன்றரை வருடமாக இங்கே இருக்கும் சீனியர்கள் இருவர் மியூனிக் தெருவில் காரை எடுத்தாலே அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. ஜெர்மனியில் அது சாதாரண அபராதத்தோடு போகிற விஷயம் இல்லை, குற்றவியல் வழக்கு. விசா நீட்டிப்புக்கும் வேலைக்கும் விண்ணப்பிக்கப்போகிறவர்களுக்கு இதன் பொருள் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. தெரிந்தே சாவியைக் கொடுத்தவரும் மாட்டுவார்.

உங்கள் நிலைமை வேறு. ஏப்ரல் முதல் வாரத்தில் வந்திருந்தால் ஆறு மாதம் அக்டோபர் முதல் வாரம் வரை ஓடும், செப்டம்பர் பயணம் அதற்குள் அடங்குகிறது. ஆக நால்வரில் சட்டப்படி ஓட்டக்கூடியவர்கள் இருவர், ஜெர்மன் லைசென்ஸ் சீனியரும் நீங்களும். ஊரில் ஆர்.டி.ஓ.விடம் இன்டர்நேஷனல் பெர்மிட் வாங்கி வந்திருந்தால் அதை அசல் லைசென்ஸோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், தனியாக அதற்கு மதிப்பில்லை. வாங்கவில்லை என்றால் இரண்டாவது ஓட்டுநராக உங்களைச் சேர்க்கும் முன் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லைசென்ஸின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஜெர்மனிக்குள் போதும், போஸ்னியா போலீஸ்காரரிடம் அது எடுபடும் என்று நம்பி இறங்க முடியாது.

இப்போது ஒப்பந்தம். காரை ஓட்டப்போகிற ஒவ்வொருவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். கூடுதல் ஓட்டுநருக்கு நாள் கணக்கில் கட்டணம் உண்டு. 25 வயதுக்குக் கீழே என்றால் இளம் ஓட்டுநர் கட்டணம் தனி. பல கம்பெனிகள் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள், உங்கள் சீனியருக்கு 14 மாதம் என்பதால் அந்தக் கவலை இல்லை. பணம் கட்டும் கார்டு முதல் ஓட்டுநர் பெயரில், பெரும்பாலும் உண்மையான கிரெடிட் கார்டாகவே இருக்க வேண்டும். மாணவர்கள் வைத்திருக்கும் சாதாரண வங்கிக் கார்டைக் கவுன்டரில் நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், முன்பணமும் போகும். டெபாசிட்டாக அந்தக் கார்டில் ஒரு தொகையை முடக்குவார்கள், வழிச்செலவுக்கு அது உதவாது. அதையும் கணக்கில் வையுங்கள்.

போஸ்னியாவைச் சொல்லாமல் போகும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். வாடகைக் கம்பெனிகள் ஐரோப்பாவை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. மேற்கு ஐரோப்பா ஒரு மண்டலம், குரோஷியா, ஸ்லோவேனியா பக்கம் இன்னொன்று, போஸ்னியா, மான்டினீக்ரோ, அல்பேனியா போன்றவை கடைசியில். கடைசி மண்டலத்துக்குச் சில கம்பெனிகள் விடவே மாட்டார்கள், சிலர் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு குறிப்பிட்ட வகைக் கார்களை மட்டும் விடுவார்கள். அனுமதி இல்லாத நாட்டுக்குள் கார் போய்விட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய காப்பீடு எல்லாம் காற்றோடு போய்விடும். இப்போது பல கார்களில் இருப்பிடம் காட்டும் கருவி இருக்கிறது, எல்லை தாண்டியது அவர்களுக்கு உடனே தெரியும். என்னிடம் யோசனை கேட்டு வந்த ஒரு குழு இப்படித்தான் சொல்லாமல் மான்டினீக்ரோ மலைப்பாதைக்குப் போனது. ஒரு கல் அடித்து வண்டியின் அடிப்பகுதி கிழிந்து எண்ணெய் ஒழுகிவிட்டது. இழுவை வண்டி, பழுது, கார் நின்ற நாட்களுக்கான வாடகை எல்லாவற்றையும் அந்த மாணவர்கள்தான் கட்டினார்கள். அனுமதிக் கட்டணம் அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

அதனால் முன்பதிவுக்கு முன்னாலேயே நாடுகளின் பெயரை எழுதி மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுன்டரில் சாவி தருபவர் 'பரவாயில்லை, போங்கள்' என்று வாயால் சொன்னது செல்லாது. கிரீன் கார்டு எனப்படும் சர்வதேசக் காப்பீட்டுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். பெயர்தான் கிரீன், இப்போது வெள்ளைத் தாளில்தான் வருகிறது. அதில் நீங்கள் போகும் நாட்டின் எழுத்துகள் அடிக்கப்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்: போஸ்னியாவுக்கு பி.ஐ.ஹெச்., மான்டினீக்ரோவுக்கு எம்.என்.இ.

ஒப்பீட்டுத் தளங்களில் 'முழுக் காப்பீடு, பூஜ்ய பொறுப்பு' என்று மலிவாக வருவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விபத்தில் நம் கையிலிருந்து போகும் பங்கை இங்கே 'ஸெல்ப்ஸ்ட்பெடைலிகுங்' என்பார்கள். அந்தத் தளங்களின் திட்டத்தில் அந்தத் தொகையை முதலில் கம்பெனி உங்கள் கார்டில் எடுத்துக்கொள்ளும், நீங்கள் பிறகு விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். மோசடி இல்லை, ஆனால் கார்டில் அவ்வளவு இடம் இருக்க வேண்டும். டயர், கண்ணாடி, அடிப்பகுதி மூன்றும் உள்ளே வருகின்றனவா என்று படித்துப் பாருங்கள். பால்கன் சாலைகளில் அடி வாங்குவது அந்த மூன்றுதான்.

காரை எடுக்கும்போது கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முன்பம்பரின் கீழ் விளிம்பைக் குனிந்து பாருங்கள், நடைமேடையில் உரசிய கோடுகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். நான்கு சக்கரத்தின் ரிம், முன்கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி, கூரை, பெட்ரோல் மூடி எல்லாவற்றையும் ஒரே வீடியோவாகச் சுற்றி எடுங்கள், ஆரம்பத்தில் நம்பர் பிளேட்டும் மீட்டரும் தெரியட்டும். இருட்டான பேஸ்மென்ட் பார்க்கிங்கில் கொடுத்தால் வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒப்பந்தத் தாளில் இல்லாத கீறல் கண்டால் கிளம்பும் முன் எழுத வையுங்கள். திரும்ப ஒப்படைக்கும்போதும் இதே வீடியோ. அலுவலகம் மூடியபின் சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் மறுநாள் அவர்கள் திறக்கும் வரை பொறுப்பு உங்கள் தலையில், அதனால் ஆள் இருக்கும் நேரத்தில் திருப்பிக் கொடுங்கள்.

இனி கிலோமீட்டருக்கு வருகிறேன். உங்கள் ஒன்பது நாட்டுச் சுற்று, ஊருக்குள் சுற்றுவதைச் சேர்க்காமலே ஏறத்தாழ 3500 கிலோமீட்டர். 12 நாளில் ஓட்டக்கூடியவர்கள் இருவர். மான்டினீக்ரோவிலும் அல்பேனியாவிலும் மலைச்சாலை, சராசரி வேகம் 60 தாண்டாது. எல்லைச் சாவடியில் காத்திருக்கும் நேரம் தனி. டிரானா, ஸ்கோப்யே, பெல்கிரேடு, புடாபெஸ்ட் எல்லாமே உங்களுக்கு இரவு தூங்கும் இடமாகத்தான் இருக்கும், எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். அல்பேனியா, வட மாசிடோனியா, செர்பியா, ஹங்கேரி நான்கையும் எடுத்துவிடுங்கள். புடாபெஸ்டுக்கு மியூனிக்கிலிருந்து ரயிலிலேயே ஒரு வார இறுதியில் போய்விட்டு வரலாம்.

நான் சொல்லும் வழி இது. மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க், வில்லாக் வழியாக லுப்லியானா சுமார் 400 கிலோமீட்டர், அங்கே இரண்டு இரவு. ஒரு நாள் பிளெட் ஏரிக்குப் போய்வரலாம். அடுத்து ஸாக்ரெப் வழியாக ஸாதர். அங்கிருந்து ஸ்ப்ளிட்டில் மதியம் இறங்கிப் பழைய ரோமானிய அரண்மனையைச் சுற்றிவிட்டு இரவு போஸ்னியாவின் மோஸ்தார். அங்கே 1566-இல் கட்டிய பாலம் 1993 நவம்பரில் போரில் தகர்ந்து 2004-இல் மறுபடி எழுந்தது. அதிகாலையில், சுற்றுலாப் பேருந்துகள் வருமுன், அதன்மேல் நின்று நெரெட்வா ஆற்றைப் பாருங்கள். மோஸ்தாரிலிருந்து ட்ரெபின்யே வழியாக மான்டினீக்ரோவின் ஹெர்செக் நோவிக்குள் இறங்கினால் கோட்டோர் வளைகுடா வந்துவிடும். இந்தச் சிறிய எல்லை வழியை முக்கியமாகச் சொல்கிறேன், ஏனென்றால் குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரிலிருந்து கடலோரமாகப் போகும் பெரிய சாவடியில் சீசனில் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். துப்ரோவ்னிக்கில் தங்குவதும் கார் நிறுத்துவதும் உங்கள் பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகாது. 30 கிலோமீட்டர் தள்ளி போஸ்னியா பக்கம் ட்ரெபின்யேயில் அறை எடுத்துக்கொண்டு பகலில் போய்வாருங்கள், அறை வாடகையும் சாப்பாடும் அங்கே மலிவு, ஊரும் அழகு.

திரும்பும்போது கடலோரமாக வடக்கே வாருங்கள். முன்பெல்லாம் துப்ரோவ்னிக்கிலிருந்து ஸ்ப்ளிட் போக நேயும் என்ற ஊரில் போஸ்னியாவின் சிறு கடற்கரைத் துண்டைக் கடந்தாக வேண்டும், இரண்டு முறை பாஸ்போர்ட் காட்ட வேண்டும். 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்ததிலிருந்து குரோஷியா மண்ணிலேயே வந்துவிடலாம், பாலத்துக்குச் சுங்கமும் இல்லை. மொத்தம் 2700 கிலோமீட்டருக்குள் முடியும்.

போஸ்னியாவில் ஒரு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். 1992-95 போரில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் முழுதாக அகற்றப்படவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பலகை இல்லாத இடத்திலும், ஒதுங்குவதற்கோ படம் எடுப்பதற்கோ சாலையை விட்டுப் புதருக்குள்ளும் இடிந்த வீடுகளுக்குள்ளும் இறங்காதீர்கள்.

விசா விஷயம். ஜெர்மன் ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டை இருந்தால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் நாடுகளில் பிரச்சினை இல்லை. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனிலும் யூரோவிலும் சேர்ந்துவிட்டது. போஸ்னியாவும் மான்டினீக்ரோவும் ஷெங்கனில் இல்லை என்றாலும் செல்லுபடியாகும் ஷெங்கன் ரெசிடென்ஸ் பெர்மிட் உள்ள இந்தியர்களைக் குறுகிய காலத்துக்கு விசா இல்லாமல் விடுகின்றன. கிளம்பும் வாரத்தில் அந்த நாட்டு வெளியுறவு அமைச்சகப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆனால் நால்வரில் யாராவது பெர்மிட் நீட்டிப்புக்கு விண்ணப்பித்து, அட்டை வராமல் ஃபிக்‌ஷன் சர்டிபிகேட் என்ற தற்காலிகச் சான்றுத் தாளை மட்டும் வைத்திருந்தால், அதை நம்பி போஸ்னியா எல்லைக்குப் போகாதீர்கள். அப்படி ஒருவர் இருந்தால் பயணத்தை ஸ்லோவேனியா, குரோஷியாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது அட்டை வந்தபின் போங்கள். ஒருவரைச் சாவடியில் இறக்கிவிட்டு மூன்று பேர் மட்டும் உள்ளே போகும் நிலைமை நட்புக்கு நல்லதில்லை.

சுங்கத்தில் தவறாமல் செய்ய வேண்டியது விக்னெட், அதாவது குறிப்பிட்ட நாட்களுக்கு வாங்கும் நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு. ஆஸ்திரியா, ஸ்லோவேனியா இரண்டிலும் நெடுஞ்சாலைக்கு விக்னெட் கட்டாயம், இரண்டின் டிஜிட்டல் விக்னெட்டும் நம்பர் பிளேட்டோடு இணைந்தவை. வாடகைக் காரின் எண் சாவி வாங்கும் வரை தெரியாது, அதனால் எண் தெரிந்ததும் வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று பாருங்கள். தேடினால் இடைத்தரகர் தளங்கள்தான் முதலில் வரும், கூடுதல் பணம் பிடிப்பார்கள். ஆஸ்திரியாவுக்கு அஸ்ஃபினாக், ஸ்லோவேனியாவுக்கு தார்ஸ் ஆகிய நிறுவனங்களின் சொந்தத் தளங்களில் வாங்குங்கள். டவ்ர்ன், காரவாங்கன் சுரங்கங்களுக்கு விக்னெட்டுக்கு மேல் தனிச் சுங்கம். குரோஷியாவில் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம். சனிக்கிழமை பகலில் சால்ஸ்பர்க் வழியாகப் போகாதீர்கள், விடுமுறைக் கூட்டம் மொத்தமும் அங்கேதான் நிற்கும். நெரிசலில் வண்டிகள் மெதுவாகும்போதே இடதுகோடி வரிசை இடப்பக்கம், மற்றவை வலப்பக்கம் ஒதுங்கி நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும். இது ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சட்டம்.

பெட்ரோலை ஜெர்மன் ஆட்டோபான் நெடுஞ்சாலை ஓரத்து பங்க்குகளில் போடாதீர்கள், வெளியே இறங்கி ஊருக்குள் போட்டால் நன்றாகவே குறையும். ஆஸ்திரியாவில் 2011-இல் வந்த விதிப்படி பெட்ரோல் பங்க்குகள் நண்பகல் 12 மணிக்குத்தான் விலையை ஏற்றலாம், குறைப்பது எப்போது வேண்டுமானாலும். ஆகவே 12 மணிக்குச் சற்று முன்னால் டேங்கை நிரப்புங்கள்.

காரில் தூங்கும் திட்டத்தையும் மறந்துவிடுங்கள். ஸ்லோவேனியாவிலும் குரோஷியாவிலும் கேம்பிங் இடத்துக்கு வெளியே முகாமிடுவதற்குத் தடை, அபராதம் ஒரு நல்ல அறையின் வாடகையைவிடப் பெரிது. நான்கு பேர் ஒரு சின்னக் காரில் இரவு முழுக்க மடங்கிக் கிடந்துவிட்டு மறுநாள் மலைச்சாலையில் ஓட்டுவது அதைவிட ஆபத்து. சமையலறை உள்ள அப்பார்ட்மென்ட் எடுங்கள். செப்டம்பர் இரண்டாம் பாதியில் கோடை விலை இறங்கியிருக்கும், கடலில் குளிக்கவும் இன்னும் இதமாக இருக்கும். குட்டி ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எடுத்துக்கொண்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது. குரோஷியாவில் கடைகள் ஆண்டுக்கு 16 ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கலாம் என்று 2023-இல் சட்டம் வந்திருக்கிறது, அரிசியும் காய்கறியும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

600 போதுமா என்று கேட்டீர்கள். நால்வருக்கும் சேர்த்து 2400. காரை, கூடுதல் ஓட்டுநர், எல்லை அனுமதி எல்லாம் உட்பட 800-க்குள் பிடித்தால், 2700 கிலோமீட்டருக்கு நூற்றுக்கு 6.5 லிட்டர், லிட்டர் 1.60 என்று வைத்துப் பெட்ரோல் 280. விக்னெட், சுங்கம், பார்க்கிங் 250. 11 இரவுக்கு நால்வருக்குமாகச் சேர்த்து 700. மீதி 370, அதாவது ஒருவருக்கு ஒரு நாளைக்கு எட்டு யூரோவுக்கும் குறைவு. சமைத்துச் சாப்பிட்டால் ஓடும், ஆனால் இழுத்துப் பிடித்த கணக்கு. அதனால் செலவு செய்யாத பணமாக ஆளுக்கு 150 யூரோ தனியாக வையுங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் அது அவரவருக்கே திரும்பிவிடும்.

யார் பணம் கட்டுவது என்ற சண்டைக்கு இப்போதே முடிவு கட்டுங்கள். வேக அபராதம், பார்க்கிங் அபராதம் வந்தால் அந்த நேரத்தில் ஓட்டியவர் கட்ட வேண்டும். காருக்குச் சேதம் என்றால், யார் ஓட்டினாலும் நால்வரும் சமமாக. இதில் நான் உறுதியாக நிற்கிறேன். இருவர் ஓட்டும் பொறுப்பைச் சுமக்கிறார்கள், இருவர் பின்னால் உட்கார்ந்து வருகிறார்கள். உரசலின் செலவும் ஓட்டுநர் தலையில்தான் என்றால் நாளைக்கு யாரும் சாவியைத் தொடமாட்டார்கள், அல்லது பயந்து பயந்து ஓட்டுவார்கள். குடித்துவிட்டோ போனைப் பார்த்துக்கொண்டோ ஓட்டியதால் நேர்ந்தது மட்டும் விதிவிலக்கு, அது அவருடைய பொறுப்பு. உங்கள் சீனியருக்கு லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் முடியும் வரை ஜெர்மனியில் ஒரு துளி மதுகூடக் கூடாது என்பது சட்டம், பயணம் முழுக்கவே இருவரும் அப்படியே இருங்கள். கார்டு யாருடையதோ அவர் பெயரில்தான் அபராதத் தாள்கள் மாதங்கள் கழித்தும் வரும். அதனால் எந்த நேரம் யார் ஓட்டினார் என்று உங்கள் வாட்ஸ்ஆப் குழுவிலேயே ஒரு வரி போட்டு வையுங்கள். ஓட்டாத இருவரில் ஒருவர் வழியும் சுங்கமும் பார்க்கட்டும், இன்னொருவர் பணக் கணக்கு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட வேண்டாம், கடைசி நாள் திரும்பி வருவதும் சேர்த்துத்தான். ஸ்ப்ளிட்டிலிருந்து மியூனிக் ஒரே மூச்சில் வராமல் ஸ்லோவேனியாவில் ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள்.

போஸ்னியாவிலும் மான்டினீக்ரோவிலும் உங்கள் ஜெர்மன் சிம்மின் ஐரோப்பிய ஒன்றிய ரோமிங் செல்லாது, டேட்டாவை அணைத்துவிட்டு மேப்பை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மான்டினீக்ரோவில் யூரோவே புழங்கும், போஸ்னியாவில் மார்க், ஒரு யூரோவுக்கு 1.95583 என்று நிலையான மதிப்பு. சாலையில் இறங்கி நிற்க நேர்ந்தால் போடும் ஒளிரும் மஞ்சள் ஜாக்கெட் நால்வருக்கும் காருக்குள்ளேயே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. குடியிருப்புப் பதிவுத் தாளில் உங்கள் தேதியைப் பார்த்து ஆறு மாதக் கணக்கைச் சரிபாருங்கள். அப்புறம் ஐந்து நாடுகளின் பெயரையும் இரண்டு ஓட்டுநர்களின் விவரத்தையும் எழுதி மூன்று கம்பெனிகளுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போஸ்னியாவும் மான்டினீக்ரோவும் சரி என்று யார் எழுத்தில் தருகிறார்களோ அவர்களிடம் பதிவு செய்யுங்கள், வாடகை 50 யூரோ கூடுதலாக இருந்தாலும்.